கோப்பில் வெட்டப்படாத ஒரு வரி

இன்று காலை வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நின்றபோது அந்த மணம் வந்தது. காலி வீதியில் ஒரு துணிக்கடையின் பின்பகுதி நேற்று எரிந்திருக்கிறது. தண்ணீரில் ஊறிய துணிக்கட்டுகளை நடைபாதையில் அடுக்கியிருந்தார்கள். நனைந்து கருகிய துணிக்கு ஒரு புளித்த மணம் உண்டு. கொட்டாஞ்சேனையில் உங்கள் வீட்டுக் கொடியில் தொங்கிய சீருடையிலும் அதே மணம்தான். அதைத் துவைக்க நீங்கள் விடவில்லை. "துவைச்சா சாட்சி போயிரும் அண்ணே" என்று சிரித்தீர்கள். விசாரணையில் ஒருவரும் அந்தச் சீருடையைப் பார்க்கக் கேட்கவில்லை.

நாம் அறிமுகமானதே என் பிழையால். ஒருகொடவத்தைக் கிடங்குகள் சில சேர்ந்து வைத்திருந்த தொண்டர் தீயணைப்பு அணியில் நீங்கள் பம்ப் இயக்குபவர். பிழைப்புக்கு லொறி ஓட்டம். அழைப்பு வந்தால் சீருடை. ஒரு பிற்பகல் துணிக்கிடங்கு ஒன்று எரிந்தபோது பம்பை விட்டு அகன்றீர்கள். அந்த நேரத்தில் பவுசர் வண்டியில் தண்ணீர் தீர்ந்தது. மற்றப் பவுசருக்கு மாற்ற பம்ப் அருகே ஆள் இல்லை. உள்ளே குழாய் பிடித்து நின்ற நிஷாமின் முன்கை வெந்துபோனது. உங்களை இடைநிறுத்தினார்கள். அணியின் அலுவலகம் தொலைபேசியில் சொன்னதை நான் அப்படியே செய்தியாக்கினேன்: "பம்ப் இயக்குபவர் பயந்து ஓடிவிட்டார்."

மூன்றாம் நாள் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தீர்கள். என் செய்தியை நான்காக மடித்து வைத்திருந்தீர்கள்.

"இது எழுதினது நீங்களா?"

"ஓம்."

"பம்பை விட்டது சரி. அது என் பிழை. ஓடினதா எழுதியிருக்கீங்களே, எந்தப் பக்கம் ஓடினேன்னு கேட்டீங்களா?"

நான் கேட்டிருக்கவில்லை. உள்ளே போனவர்களிடமிருந்து வோக்கிடோக்கியில் பதில் வராததால், குழாயைத் தடவிக்கொண்டே புகைக்குள் போனதாகச் சொன்னீர்கள். அன்றே ஆசிரியரிடம் திருத்தம் போடக் கேட்டேன். "அவங்க சொன்னதைத்தானே போட்டம்" என்றார். நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

தண்டிக்கப்பட்ட தொண்டர்கள் முறையிட அணியில் ஒரு குழு இருந்தது. கொள்ளுப்பிட்டியில் மூன்றாம் மாடி, ஓட மறுக்கும் மின்விசிறி, பிளாஸ்ரிக் கதிரைகள். நீங்கள் தண்டனையைக் குறைக்கச் சொல்லவில்லை. 'பயந்து ஓடினார்' என்ற வரியைக் கோப்பிலிருந்து வெட்டச் சொன்னீர்கள். அந்த வரி இருக்கும்வரை உங்களோடு ஒருவனும் நெருப்புக்குள் வரமாட்டான் என்பது உங்கள் கவலை.

ஒவ்வொரு அமர்வுக்கும் நானும் கூட வந்தேன். ஒரு நாள் மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. இன்னொரு நாள் கோப்பு வரவில்லை. தலைவருக்கு வேறு கூட்டம் இருந்த நாட்களும் உண்டு. நாம் இருவரும் படியிறங்கிப் பிளேன்டீ குடித்துவிட்டுப் பிரிவோம். "நெருப்பு அணைய இவ்வளவு நாள் எடுக்காது" என்பீர்கள். பிறகு அதைச் சொல்வதையும் விட்டுவிட்டீர்கள்.

நிஷாம் சாட்சி சொன்ன நாள் நினைவிருக்கிறது.

"இவர் உள்ளுக்கு வந்தாரு சேர். என்ட தோளைப் புடிச்சி வெளிய இழுத்தாரு."

அந்தப் புகையில் ஆளை எப்படி அடையாளம் கண்டாய் என்று தலைவர் சிங்களத்தில் கேட்டார்.

"கண் தெரியல்ல. இருமல் கேட்டிச்சு சேர். இவர்ட இருமல் ஒருகொடவத்தைக்கே தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். பதிவெழுதுபவரும் சிரித்தார். சிரித்தவர் அதை எழுதவில்லை. உங்களுக்கு முன்னால் அமர்ந்திருந்த அவருடைய பேனா மேசையில் கிடந்ததை நான் பின்வரிசையிலிருந்து பார்த்தேன்.

அடுத்த அமர்வில் தலைவர் களைத்துப்போயிருந்தார். "தம்பி, ஏன் இழுக்கிறாய்? குற்றச்சாட்டு முழுவதற்கும் ஒப்பம் வை. ஆறு மாதத்தில் திரும்பி வரலாம்."

"வைக்கிறேன் சேர். அந்த ஒரு வரியை மட்டும் வெட்டுங்க."

தலைவர் கோப்பிலிருந்து ஒரு தாளை உயர்த்திக் காட்டினார். என் செய்தி. "பத்திரிகையிலேயே வந்திருக்கிறதே" என்றார். அவர்கள் எனக்குச் சொன்னது, நான் எழுதியதால் அவர்களுக்குச் சாட்சியாகத் திரும்பி வந்திருந்தது. நீங்கள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

எழுந்து நின்றேன். "அதை எனக்குச் சொன்னது உங்கட ஒபிஸ்தான், சேர்."

பார்வையாளர் பேசக்கூடாது, எழுதித் தாருங்கள் என்றார் தலைவர். அன்றே எழுதிக் கொடுத்தேன். அதை ஆராய ஒரு திகதி குறித்தார்கள். அந்தத் திகதிக்கு ஒன்பது நாள் முன்பு, ஒரு காலைப்பொழுதில், தெமட்டகொடையில் லொறியை ஓரமாக நிறுத்திவிட்டு நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்துவிட்டீர்கள்.

குறித்த நாளில் நானும் நிஷாமும் போனோம். எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காத்தார்கள். பிறகு, முறைப்பாட்டாளர் காலமானதால் விசாரணை முடிவுறுத்தப்படுகிறது என்று வாசித்தார்கள். என் கடிதத்தை யாரும் பிரித்திருக்கவில்லை. வரி அப்படியே இருக்கிறது. படியில் இறங்கும்போது நிஷாம், "இனி யாருக்கிட்ட கதைக்கிற அண்ணே?" என்றான்.

அதன் பிறகு எங்கள் பத்திரிகையில் மூன்று ஆசிரியர்கள் மாறிவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் கேட்டேன். "இப்ப ஆருக்கு அது ஞாபகம்?" என்கிறார்கள். எனக்கும் ஓய்வு நெருங்குகிறது. முன்போல வாதாடச் சத்தில்லை. ஆனாலும் நான் எழுதிய திருத்தம் சட்டைப்பையில்தான் இருக்கிறது. தாள் நைந்தால் புதிதாக எழுதிக்கொள்கிறேன். உங்கள் பிழையையும் விடாமல், நீங்கள் கேட்டபடியே எழுதியிருக்கிறேன்:

"ஒருகொடவத்தைக் கிடங்குத் தீயின்போது பம்ப் இயக்குபவர் பயந்து ஓடியதாக நாம் வெளியிட்டது தவறு. அவர் தன் இடத்தை விட்டு அகன்றார். அதனால் சக தொண்டர் ஒருவர் காயமடைந்தார். அவர் போனது தீ இருந்த பக்கம்."