அடையாறு என்று ஒரு கட்டம்

அடையாறு,
7.11.1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

வைத்தியநாதன் நமஸ்காரம். இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கேயும் அப்படித்தான் என்று தெரியும். பிரதோஷத்துக்குப் பிரதோஷம் கோமளமும் ரத்னா மன்னியும் கபாலி கோயிலில் இரண்டு வீட்டுச் சேதியையும் பேசித் தீர்த்துவிடுவதால் தனியாக விசாரிக்கவில்லை.

அடையாற்றிலிருந்து மாடவீதிக்குத் தபால் எதற்கு என்று நினைப்பாய். ஸஹானா கல்யாணப் பத்திரிகையை நீ தபாலில்தானே அனுப்பினாய்? மஞ்சள் குங்குமத்தோடு வந்து நேரில் அழைக்க வேண்டிய சித்தப்பாவுக்கு ஒரு ஸ்டாம்பு ஒட்டினாய். கோமளம் மட்டும் வந்தாள். நான் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஆகவே வழி நீ காட்டியதுதான்.

கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறேன். சரக்கு இருப்பைக் கவனிக்கும் சாப்ட்வேரை ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்னக் கம்பெனி எழுதித் தருகிறது. அங்கிருந்து ஷாகிரா என்ற பெண் வந்தாள். எம்.சி.ஏ. படித்தவள், படபடவென்று பேசுகிறாள். இருக்கிற வசதிகள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, "உங்களுக்கு எது யூஸ் ஆவுமோ அத்த மட்டும் எடுத்துக்குங்க சார், மீதிய நான் கயட்டி வுட்டுடறேன்" என்றாள்.

கழற்றுவதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. விற்பனையை வட்டமாக வெட்டிக் கலர் கலராகக் காட்டும் படம் வேண்டாம் என்றேன். வாடிக்கையாளரின் பிறந்தநாளுக்கு வாழ்த்து அச்சடிக்கும் வசதியும் வேண்டாம். மருந்துக்கடையிலிருந்து வாழ்த்து வந்தால் யாருக்கு நன்றாக இருக்கும்? காலாவதியாக மூன்று மாதம் இருக்கும்போதே அந்த வரி சிவப்பாக மாறுமாம். அது வேண்டும் என்றேன். ஒரு கம்பெனி மருந்து தீர்ந்தால் அதே ரசாயனத்தில் வேறு கம்பெனி மருந்து எது இருக்கிறது என்று காட்டுவதும் வேண்டும். எந்தத் தட்டில் இருக்கிறது என்று சொல்லும் வசதியும் வேண்டும். எங்கள் கடைப் பையன் இசக்கிமுத்து திருநெல்வேலிக்கு லீவில் போய்விட்டால் பாதி மருந்து எங்கே இருக்கிறதென்று எனக்கே தெரிவதில்லை.

தட்டு விவரம் எழுதிக்கொள்ள அலமாரிகளைச் சுற்றி வந்தவள், திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். அப்பா அடுக்கின முறை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தலைவலி மாத்திரை மேல் தட்டில். அதன் கீழே கண், காது, தொண்டை. அப்புறம் மார்பு, வயிறு. கடைசியில் பாதம். உன் கடையிலிருந்து நான் விலகியதே அதை மாற்றி அகர வரிசையில் அடுக்க வேண்டும் என்று சொன்னதால்தான். "அப்பா வெச்ச இடத்துல கை வெக்காதே. படிச்சவனுக்குக் கடை தெரியாது" என்று வாடிக்கையாளர்கள் எதிரில் சொன்னாய். என் பார்மசி சர்டிபிகேட் அப்போது உன் சுவரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பேரில்தான் லைசென்ஸே ஓடியது. அகர வரிசைதான் சரி என்று இன்றும் சொல்வேன். இங்கே கடை திறந்த அன்று பெட்டிகளைப் பிரித்தபோது கை தன்னால் தலையிலிருந்து கால் வரைக்கும் அடுக்கிவிட்டது. பிறகு மாற்ற நேரம் கிடைக்கவில்லை.

அவள் சிரித்தது அதற்குக்கூட இல்லை. கீழ்த் தட்டில் சர்க்கரை வியாதி மாத்திரைகளைப் பார்த்துவிட்டாள். "சுகர் மாத்திரைய கால்ல வெக்கிற கடை மெட்ராஸ்லயே ரெண்டுதான் சார். இன்னொண்ணு மைலாப்பூர்ல கீது. அவருக்கும் நான்தான் செஞ்சு குடுத்தேன்" என்றாள்.

எந்தப் பாடப்புத்தகத்திலும் சர்க்கரைக்கு இடம் கால் இல்லை. ஆறாத கால் புண்ணோடு வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து அது காலில் வருகிற வியாதி என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். நான் மருந்தியல் படித்தவன். நானும் அங்கேதான் வைத்திருக்கிறேன், நீயும் அங்கேதான் வைத்திருக்கிறாய். மாடவீதிக் கடைக்காரர் என் அண்ணா என்று அவளிடம் சொல்லவில்லை.

இரண்டு கிளைகளின் இருப்பையும் ஒரே திரையில் காட்டும் வசதி ஒன்று பாக்கி இருந்தது. எனக்கு இருப்பது ஒரே கடை, அடித்துவிடு என்றேன். எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டு அடியுங்கள் என்று ஒரு பிளாப்பியைப் போட்டாள். மருந்துப் பெயர்களை மறுபடி தட்டச்சு செய்ய வேண்டாம் என்று உன் கடைக்குச் செய்ததன் நகலைக் கொண்டு வந்திருந்தாள். பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு உன் இருப்புக் கணக்கை அழித்துவிட்டு வந்திருக்க வேண்டும். மறந்துவிட்டாள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துக்கள் வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் நான் பார்த்துவிட்டேன்.

மருந்தின் பெயர். அதற்கு எதிரே இரண்டு கட்டம். ஒன்றில் 'மயிலாப்பூர்', மற்றதில் 'அடையாறு'. மயிலாப்பூர்க் கட்டத்தில் எண்கள். அடையாற்றுக் கட்டத்தில் மேலிருந்து கீழ் வரை பூஜ்யம்.

எட்டிப் பார்த்த இசக்கிமுத்து, "எண்ணே, நமக்கு முட்டை போட்டு வச்சிருக்காவ!" என்றான். எனக்கும் முதலில் பற்றிக்கொண்டுதான் வந்தது. இத்தனை வருஷம் கழித்து ஒரு யந்திரத்தில்கூட என்னைப் பூஜ்யமாக எழுதி வைத்திருக்கிறாயே என்று தோன்றியது. ஷாகிரா எனக்குச் சமாதானம் சொல்வதாக நினைத்து, நீ சொன்னதைச் சொன்னாள். இல்லாத கிளைக்கு எதற்குக் கட்டம், எடுத்துவிடவா என்று அவள் உன்னைக் கேட்டாளாம். நீ, "இருக்கட்டும்மா. அது மூடின கடை இல்லை. அங்கேர்ந்து விவரம் இன்னும் வரலை, அவ்வளவுதான்" என்றாயாம். இரண்டு கடையையும் டெலிபோன் வழியாக இணைக்கும் மோடத்தையும் வாங்கி, உறை பிரிக்காமல் சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாயாம்.

அண்ணா, நான் எளிதில் பிரமிப்பவன் இல்லை. உனக்குத் தெரியும். ஆனால் அந்தத் திரையை மூடப் போனவளைக் கொஞ்சம் பொறு என்றேன்.

அதோடு முடியவில்லை. அன்று காலை சக்திவேல் என்று ஒருவர், மனைவியை இங்கே புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பவர், மழையில் ஓடி வந்தார். வெள்ளையணுக்களை ஏற்றும் ஊசி வேண்டும், அன்றே போட வேண்டும். என்னிடம் தீர்ந்திருந்தது. பாரிமுனை மொத்தக் கடைகளில் போய்ப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். ஷாகிரா திரையை மூடுவதற்கு முன் ஒரு வரி சிவப்பாக இருந்தது. அதே ஊசி. மயிலாப்பூரில் பத்துக்கு மேல், காலாவதிக்குக் கொஞ்ச நாளே இருந்தது. அடையாறு, பூஜ்யம். உன் ஐஸ் பெட்டியில் வீணாகப் போக இருந்ததும் என் வாசலில் ஒரு மனிதர் தேடி அலைந்ததும் ஒரே வரியில் இருந்தன. ஆற்றைக் கடந்தால் உன் கடை. எத்தனை பேரை இப்படி நான் பாரிமுனைக்கு அனுப்பியிருப்பேனோ!

அன்று மத்தியானம் நனைந்தபடி ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்து உன்னிடம் ஊசி வாங்கியவன் இசக்கிமுத்துதான். சீட்டின் நகல் என்னிடம் இருந்தது. எந்தக் கடை என்று சொல்லாதே என்று அனுப்பியிருந்தேன். திரும்பி வந்து, "சீட்டைப் பாத்தாரு, எம் மூஞ்சியப் பாத்தாரு. ஒண்ணும் கேக்கல. பிளாஸ்கில இன்னும் ரெண்டு கை ஐஸ் அள்ளிப் போட்டு, 'அடையாறு வரைக்கும் தாங்கணும்'னாரு" என்றான். முழு விலைக்குப் பில்லும் போட்டிருக்கிறாய். அதில் நீ மாறவில்லை. பாரிமுனையிலிருந்து சக்திவேல் வெறுங்கையோடு வந்தபோது ஊசி என்னிடம் இருந்தது. எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டார். எங்கள் இன்னொரு கடையிலிருந்து என்று சொல்லிவிட்டேன். வாய் தவறி வந்த வார்த்தை. திருத்தவில்லை. அந்த அம்மாளுக்கு இப்போது தேவலை.

இரண்டு கிளை வசதியை அடிக்க வேண்டாம் என்று ஷாகிராவிடம் சொல்லிவிட்டேன். இதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்திரிகை விஷயம் அப்படியேதான் இருக்கிறது. வாடிக்கையாளர்கள் எதிரில் நீ சொன்னதும் அப்படியேதான் இருக்கிறது. அவை எந்தத் தட்டிலும் வைக்க முடியாத சரக்கு. ஆனால் அந்தக் கட்டத்தில் இனிமேல் பூஜ்யம் இருக்கக் கூடாது.

புதன்கிழமை ஷாகிரா உன் கடைக்கு வந்து மோடத்தைப் பொருத்துவாள். உறையை நீயே பிரித்து வை. வியாழக்கிழமை மூன்று மணிக்கு, ராகு காலம் கழிந்ததும், இங்கிருந்து டயல் செய்வோம். உன் நம்பரை அவளுக்குச் சொல்ல நான் எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. முதல் தடவை யாராவது ரிசீவரை எடுத்து, மோடத்தின் பொத்தானை அழுத்த வேண்டுமாம். பையன்களை விடாதே, நீயே எடு. மனுஷக் குரல் வராது. காது கிழிகிற மாதிரி ஒரு கிறீச்சல்தான் வரும். ராங் நம்பர் என்று நினைத்து வைத்துவிடாதே, அண்ணா. அது நான்தான்.

மன்னிக்கும் உனக்கும் என் நமஸ்காரங்கள்.

இப்படிக்கு,
உன் தம்பி
வைத்தி