பீரோவுக்குப் பின்னால் ஒரு கதவு

அனுப்புநர்:
பூட்டு, இரும்புச் சாமான் வியாபாரி,
கடைத்தெரு முனை.

பெறுநர்:
காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மாவட்டக் காவல் அலுவலகம்.

பொருள்: காவல் நிலையத்துக்கும் சமூக நல அலுவலகத்துக்கும் நடுவே அடைபட்டுக் கிடக்கும் கதவைத் திறந்து, என் கடையில் பிடிபட்ட பையனை இரு அலுவலர்களும் சேர்ந்து விசாரிக்க வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற வாரம் என் கடையில் பித்தளைக் குழாய்களைத் திருடிய பதினாறு வயதுப் பையனைப் பிடித்துக் கொடுத்தவன் நான்தான். புகாரில் மாற்றம் இல்லை. திருட்டு திருட்டுதான்.

2. வருகிற வெள்ளிக்கிழமை அவனை வெளியூர் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப் போகிறார்கள். தாய் தகப்பன் இல்லாத அவனுக்குத் தையல் வேலை பார்க்கும் அக்கா ஒருத்திதான். நல அலுவலரின் அறிக்கை இருந்தால் அவள் பொறுப்பில் விடலாம் என்கிறார் ஆய்வாளர். தகவல் வந்தால்தானே அறிக்கை எழுத முடியும் என்கிறார் நல அலுவலர். தகவலோ தலைமை அலுவலகம் போய்ச் சுற்றிக்கொண்டிருக்கிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை. இருவருக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு சுவர்.

3. அந்தச் சுவரில் ஒரு கதவு உண்டு. அதன் கீலும் தாழ்ப்பாளும் நான் கடை போட்ட புதிதில் விற்றவை. அன்றைய ஆய்வாளரை மீசைக்காரர் என்போம். சிறுபிள்ளை யாராவது பிடிபட்டால் கதவைத் தட்டி, "அம்மா, உங்க விருந்தாளி வந்தாச்சு!" என்பார். நல அலுவலர் அம்மையார் டீ டம்ளரோடு வருவார். "ரெண்டு நாள் உள்ள வெச்சாத்தான் புத்தி வரும்" என்பார் மீசைக்காரர். "வெச்சு என்ன பண்ணுவீங்க, ஊறுகாயா போடப் போறீங்க?" என்பார் அம்மையார். சண்டை கடைத்தெரு வரை கேட்கும். பறிகொடுத்தவனையும் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். டீ ஆறுவதற்குள் ஒரு வழி பிறந்துவிடும். எல்லோரையும் விட்டுவிடவும் இல்லை. ஒருவனை, "இவன நீங்களே பாத்துக்குங்க" என்று அம்மையாரே மீசைக்காரரிடம் கண்ணீரோடு ஒப்படைத்ததும் எனக்குத் தெரியும். மையும் டீயும் மணக்கும் அந்தப் பின்னறையை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது.

4. இருவரும் ஓய்வு பெற்றார்கள். கதவை மறித்து ஓர் இரும்பு பீரோ வந்து நின்றது. உத்தரவு எதுவும் இல்லை, வேறு இடமில்லையாம்.

5. நான் தருமம் பேசவில்லை. அந்தக் கதவு வழியாகப் போனவர்களில் ஒருவன் இன்று குழாய் வேலைக்காரன். பேரம் பேசியே என் உயிரை எடுக்கிறான், ஆனால் ரொக்கம் தருகிறான். பயம் பெருகினால் எனக்குப் பூட்டு விற்கும், உண்மைதான். ஆனால் பயந்து பயந்து பூட்டு வாங்குகிற தெருவில் ரொம்ப நாள் வியாபாரம் நடக்காது.

6. நேற்று நிலையத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கட்டடத்தைச் சுற்றி நல அலுவலகத்துக்குப் போனேன். பையன் சுவருக்கு நிலையத்துப் பக்கப் பெஞ்சில். அக்கா நல அலுவலகப் பக்கப் பெஞ்சில். அவன் இருமியது அவளுக்குக் கேட்டது. எழுந்து போய்ச் சுவரில் கை வைத்து நின்றாள்.

ஆகவே ஐயா, வெள்ளிக்கிழமைக்குள் இரு அலுவலர்களையும் ஒரே அறையில் உட்கார வைக்க உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். பறிகொடுத்தவன் என்ற முறையில் நானும் வந்து உட்காருகிறேன். பீரோவை நகர்த்த என் கடை ஆட்கள் வருவார்கள்; கூலி வேண்டாம். கீலுக்கு எண்ணெயும் கொண்டு வருகிறேன். பூட்டு மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கதவுக்கு நான் பூட்டு விற்பதாக இல்லை.

இடம்: கடைத்தெரு
நாள்: புதன்கிழமை

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
பூட்டுக்கடைக்காரர்

நகல்: சமூக நல அலுவலர் அவர்களுக்கு, அதே சுவரின் மறுபக்கம். சுற்றி நடந்துபோய் நானே நேரில் கொடுத்துவிட்டேன்.