நடுமடுவை வென்ற இறகுத் தூண்டில்

வாழ்க செங்கோல்! வற்றாதிருக்க நெடுங்கழியின் நீர்! ஏழு துறைகளுக்கும் தாயாய் வீற்றிருந்து அருளும் பேரரசி நன்முல்லையார் திருவடிகளுக்கு, நடுமடுக் கரையிலிருந்து அமைச்சன் குணவீரப் பேரரையன் வணங்கி விடுக்கும் ஓலை.

வென்றோம் தேவி! முகமன் முழுதும் எழுதி முடிக்கும்வரை கை பொறுக்கவில்லை, பிழை பொறுத்தருள்க.

பன்னீராண்டுக்கு ஒருமுறை நாமும் குன்றவாய் நாட்டாரும் எதிரெதிர்க் கரைகளில் நின்று, இரைக்குப் பதில் இறகு கட்டிய தூண்டிலை மும்முறை வீச, எவர் இறகு தொலைவில் நீர்மேல் விழுகிறதோ அவர்க்கே நடுமடுவின் மீன் என்பது முன்னோர் வகுத்த முறை. சென்ற முறை தோற்றோம். அன்று தொட்டு நம் துறைமக்கள் கரையோரச் சேற்றில் கெண்டைப் பொடிமீன் அரித்தே பிள்ளைகளை வளர்த்தார்கள். இம்முறையும் தோற்றால் ஊரையே காலி செய்வோம் என்று என்னிடம் முறையிட்டிருந்தார்கள்.

நமக்காகத் தூண்டிற்கோல் ஏந்தியவள் கீழ்த்துறைக் காரிநங்கை. பந்தல் அமைக்குமுன் அவளைக் கேட்டுக்கொள்க என்று தேவி பணித்ததை அடியேன் மறந்தேன் அல்லேன். மீன் பிடிப்பவளிடம் அமைச்சன் பந்தலுக்கு இடம் கேட்பதா என்னும் செருக்கால் கேளாது விட்டேன். அவள் வீசும் அழகை அருகிருந்து காண விரும்பி, அவள் நிற்கும் மேடைக்கு நேர் பின்னாலேயே பந்தலிட்டுக் கொடியும் ஏற்றினேன். அந்தோ! இறகுக்கு எடை ஏது? தூண்டிலின் பட்டுக் கயிறு எறிபவர் முதுகுப்புறம் முழுதும் நீண்டு விரிந்தால்தான் முன்னே பாயும் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஏற்றிய கொடியைப் போட்டி முடியுமுன் இறக்கினால் தோல்வியை ஒப்பியதாகும் என்பதும் முறையாதலின், பந்தலைப் பிரிக்கவும் வழியில்லை.

குன்றவாயாரின் வயிரமேகன் எழுபத்திரண்டு முழம் எறிந்தான். காரிநங்கையின் முதல் வீச்சு பந்தற்கூரையில் சிக்கிற்று. இரண்டாவது வீச்சில் தூண்டில் என் வெள்ளைத் தலைப்பாகையைக் கவ்விக்கொண்டு பறந்து, அதை நடுமடுவில் போட்டது. வலையில்லாமலே கொக்கு பிடிக்கிறார்கள் என்று எதிர்க்கரையார் நகைத்தனர். எனக்கு உயிரே போய்விட்டது.

அப்போது அவள் திரும்பி நின்று சொன்னதை, ஓலைக்கு ஒவ்வாதாயினும், சொன்னபடியே பொறிக்கிறேன்: "ஐயா, எல்லாரும் குப்புறப் படுத்துக்கிடுங்க. தலையத் தூக்குனா மூக்கு போயிரும், பாத்துக்கிடுங்க."

படுத்தோம் தேவி, அடியேனும், தானைத்தலைவரும், குடை பிடித்தவனும் மண்ணில் மூக்குப் புதையக் கிடந்தோம். அவளோ நீருக்கு முதுகு காட்டி, பந்தற்கால்கள் இரண்டுக்கும் இடையே, எம் முதுகுக்கு ஒரு சாண் மேலே கயிற்றைப் பாய்ச்சினாள். அது முழுதும் நீளும்வரை அசையாது நின்று, பின்பு கோலைப் பின்புறமாய் ஓங்கி இழுத்தாள். கயிறு எம்மைக் கடந்து நீர்மேல் போயிற்று, போயிற்று, போய்க்கொண்டே இருந்தது.

எழுபத்தைந்து முழம்!

முதுகு காட்டி வீசலாகாது என்று வயிரமேகன் வாதிட்டான். இறகு நீரில் விழவேண்டும் என்பதே முறையன்றி, எறிபவர் முகம் எத்திசை நோக்கவேண்டும் என்று எங்கும் இல்லை என இருநாட்டு நடுவரும் ஒருமுகமாய்த் தீர்த்தனர். துறைமக்கள் அவளைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். நானும் ஆடினேன், அதை மறைக்கமாட்டேன்.

ஆதலின், தேவி எனக்கு அளித்த அதிகாரத்தால் இவ்வாணை: இன்றே நடுமடுவில் நம் ஓடங்கள் இறங்குக. இனி எறிவார் பின்னால் எண்பது முழம் வெற்றிடம் விடுக; பந்தலுக்கு இடத்தைக் கீழ்த்துறையாரே காட்டுக. மீறுவோன் அமைச்சனே ஆயினும் குப்புறக் கிடக்கக் கடவன்.

வெறுந்தலையர் அவை புகலாகாது என்பது அரண்மனை விதி. அடியேன் நாளை வெறுந்தலையோடே வருவேன். வாயிற்காவலர் தடுக்காதிருக்கத் தேவி அருள்க. பாகை இன்னும் மடுவின் அடியில்தான் கிடக்கிறது. கிடக்கட்டும், அது இப்போது நம் மடு.

மீன் பொறித்த முத்திரை இட்டேன்.