வாசல்வரை வந்தவனுக்கு

லெனர்ட்டுக்கு,

நான் சுகம். உன் சுகத்தை விசாரிக்க வேண்டிய அவசியமில்லை, போன செவ்வாய்க்கிழமை என் ஜன்னலிலிருந்தே பார்த்துவிட்டேன், கனடாவில் நன்றாகத்தான் சாப்பிடுகிறாய்.

தேவாலயத்துக்குப் பக்கத்தில் பேருந்து வந்து நின்றபோது வழக்கமான சுற்றுலாக் கூட்டம் என்றுதான் நினைத்தேன். கோடை வந்தால் இந்த ஆற்றங்கரையில் நமக்கு நிம்மதி ஏது, போன வாரம் ஒருத்தி நம் வைக்கோல் கூரையோடு கொடியில் காய்ந்த என் உள்பாவாடையையும் சேர்த்துப் படமெடுத்துக்கொண்டு போனாள். அந்தக் கூட்டத்தில் நீ வருவாய் என்று யார் கண்டது? நம் கேட்டுக்கு முன்னால் உன் மனைவியையும் மாமனார் மாமியாரையும் நிறுத்திப் படமெடுத்தாய். நான் மாடியில் திரைக்குப் பின்னால் நின்றேன். பிறகு, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, தலை வாரினேன், முட்டிவலியோடு இறங்கி வந்து டீக்குத் தண்ணீர் வைத்தேன். தண்ணீர் கொதித்து வற்றியது, நீ கதவைத் தட்டவில்லை.

மறுநாள் படகுக்கார நெட் வந்தான். பள்ளியில் உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், அவனையே உனக்கு அடையாளம் தெரியவில்லையாம். அவன் படகில் அக்கரைக்குப் போகும்போது உன் மாமியார், "அந்த வைக்கோல் கூரை வீட்ல யாரு இருக்காங்க?" என்று கேட்க, நீ, "யாரோ ஒரு கெழவி, எனக்கென்ன தெரியும்" என்றாயாம். நெட் துடுப்பை நிறுத்திவிட்டு, "அந்தக் கெழவிதாங்க இவனப் பெத்தவ" என்று போட்டு உடைத்துவிட்டான். கரை சேரும்வரை உன் மனைவி உன் முகத்தைப் பார்க்கவில்லையாம். "நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணும், மன்னிச்சிடுங்கம்மா" என்று நெட் தலையைச் சொறிந்தான். அவனுக்குக் கேக்கில் பெரிய துண்டாக வெட்டிக் கொடுத்தேன்.

அந்தப் பெண்ணிடம் இனியாவது நடந்ததைச் சொல். உன் அப்பாவின் அடக்கத்துக்கு நீ வராதபோது நான் எழுதிய கடிதத்தையும் எடுத்துக் காட்டு, எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. நீ வந்தால் கதவைத் திறக்கமாட்டேன் என்று எழுதியவள் நான்தான். தட்டாதே என்று அதில் ஒரு வரி இருந்தால் காட்டு.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும், உன் மனைவியை இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே காக்கட்டும். குளிர் தொடங்குமுன் நெஞ்சுச்சளிக்கு மருந்து வாங்கி வை, உனக்கு எப்போதும் அக்டோபரில்தான் வரும்.

உன்னைப் பெற்ற
மூரியல்