நின்று பழக அனுமதி வேண்டி

அனுப்புநர்:
பொனாரியா பிலுது,
மாதா கோயில் பின்தெரு,
ஒர்த்துலே, சார்டீனியா தீவு, இத்தாலி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மாவட்ட சுகாதார அலுவலகம்.

பொருள்: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளுக்கான சமநிலைப் பயிற்சியில், நின்று செய்யும் பகுதியை நிறுத்திய ஆணையை விலக்கிக்கொள்ளவும், இயன்முறை மருத்துவர் இலேனியா அவர்களை மீண்டும் எங்கள் ஊருக்கு அனுப்பவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: சென்ற மாதம் பழைய பள்ளிக்கூடத்தின் கதவில் ஒட்டப்பட்ட தங்கள் ஆணை.

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

வணக்கம். புகார் சொல்லவே எழுதுகிறேன். ஆனாலும் நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எழுதுகிற வேகத்தில் அது விட்டுப்போகும். மலைமேல் இருக்கும் எங்கள் ஊரை நினைவில் வைத்து, வாரந்தோறும் வியாழக்கிழமை ஓர் இயன்முறை மருத்துவரை அனுப்பியது தங்கள் அலுவலகம். அந்த நன்மைக்கு நான் உயிருள்ளவரை கடமைப்பட்டிருக்கிறேன். தங்கள் ஆணையில் “பயிற்சியின்போது கீழே விழுந்த பங்கேற்பாளர் ஒருவர்” என்று ஒரு வரி வருகிறது. அந்த ஒருவர் நான்தான்.

1. ரொட்டி சுடுவது என் தொழில். காகிதம்போல மெல்லியதாக, மேய்ச்சலுக்குப் போகிறவர்கள் நெடுநாள் வைத்திருந்து சாப்பிடும் எங்கள் ஊர் ரொட்டி. நாற்பது வயதில், நரம்புகளைத் தாக்கும் இந்த நோய் வந்தது. அதன்பின் அடுப்பின் அனல் பட்டால் கண் மங்கும், கால் துணியாய்த் துவளும். ஒரு குளிர்காலத்தில் சமையலறையில் விழுந்தேன். பலத்த அடி இல்லை. ஆனால் எழ முடியவில்லை. என்னுடன் வசிக்கும் என் அண்ணன் கொனாரியோ ஆட்டுப் பட்டியில் பால் கறந்துவிட்டு வரும்வரை அங்கேயே கிடந்தேன். வலியைக்கூட மறந்துவிட்டேன். என் வீட்டு மேசையின் அடிப்பக்கத்தை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு கிடந்ததுதான் இன்றுவரை ஆறவில்லை.

2. அன்றிலிருந்து அண்ணன் என்னை எழவே விடவில்லை. “நீ உக்காரு. எல்லாம் நான் பாத்துக்கிறேன்” என்பார். பார்த்துக்கொண்டார் என்பதும் உண்மை. ஆடு மேய்க்கிற கையால் எனக்குத் தலைகூட வாரிவிட்டார். அவர் அன்பில் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது. ஆனால் உட்கார உட்காரக் கால் இன்னும் தளர்ந்தது. விழுவோம் என்ற பயத்தில் நடக்கவில்லை, நடக்காததால் இன்னும் எளிதாக விழுந்தேன். நாற்காலியிலிருந்து குளியலறைக்குப் போகும் வழியில்கூட விழுந்திருக்கிறேன்.

3. இந்த நிலையில்தான் இலேனியா வந்தார். எங்கள் பகுதியில் இந்த நோய் இல்லாத குடும்பம் குறைவு என்பதால் பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி அறை முதல் நாளே நிறைந்தது. சுவரோரம் பாதங்களைச் சேர்த்து, விரல்நுனியால் மட்டும் சுவரைத் தொட்டு நிற்கச் சொன்னார். பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த பாக்கிஸியோவும் எங்களில் ஒருவர். “சின்ன வயசுல இதே ஸ்கூல்ல என்னைச் சுவரைப் பாத்து நிக்க வச்சாங்க. இப்பயும் அதேதானா?” என்றார். அறை முழுக்கச் சிரிப்பு. சிரித்தால் ஆடுகிறோம் என்பதையும் அன்றுதான் கண்டோம்.

பிறகு பஞ்சு மெத்தைமேல் நிற்பது, தலையை இருபுறமும் திருப்பியபடி நடப்பது, கண்ணை மூடி நிற்பது என்று ஒவ்வொன்றாக வந்தது. தண்ணீர் நிறைந்த டம்ளரை ஏந்தி நடந்துகொண்டே அண்ணனின் ஆடுகளின் பெயர்களை நான் சொல்ல வேண்டும். “வீட்டுல யாரும் நடக்கறதை மட்டும் செய்யறதில்ல. கையில ஒண்ணு இருக்கும், மனசுல ஒண்ணு ஓடும். அதோட சேத்துதான் பழகணும்” என்பார் இலேனியா. களைத்தால் உடனே உட்கார வைப்பார். வெயில் நாளில் சன்னலைத் திறந்து, கழுத்துக்கு ஈரத்துணி தருவார். நோய் போகும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எங்களுக்கு அவர்மேல் நம்பிக்கை வந்ததே அதனால்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தரையிலிருந்து எழுவதைக் கற்றுத்தந்தார். பக்கவாட்டில் புரள்வது, முழங்கையை ஊன்றுவது, மண்டியிடுவது, பிடிமானம் தேடி ஒரு காலை முன்வைப்பது. “விழவே மாட்டீங்கன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. விழுந்த இடத்துலயே கிடக்கக்கூடாது, அவ்வளவுதான்” என்றார். ஈஸ்டருக்கு முன் கைத்தடியோடு தனியாகக் கோயிலுக்குப் போனேன். குளிர்ந்த காலைகளில் மறுபடி மாவு தேய்த்தேன். அனல் பக்கம் பக்கத்து வீட்டுப் பெண்கள் நின்றுகொண்டார்கள்.

4. நான் விழுந்த நாளைப் பற்றி: மெத்தைமேல் கண்ணை மூடி நின்றிருந்தேன். இலேனியா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார். அவர் சொல்லும் முன்பே நான் ஆசைப்பட்டு ஓர் அடி எடுத்து வைத்தேன். சரிந்துவிட்டேன். தாடையில் ஒரு நீலக் கன்றல், மணிக்கட்டில் ஒரு சிராய்ப்பு. அவர் என்னைச் சோதித்துவிட்டு, “எந்திரிக்கிறீங்களா, தூக்கட்டுமா?” என்று கேட்டார். எழுகிறேன் என்றேன். எழுந்தும்விட்டேன். பாதியில் மண்டியிட்டிருந்தபோது பாக்கிஸியோ, “மண்டி போடணும்னா கோயில் பக்கத்துலதானே இருக்கு, பொனாரியா” என்றார். அந்த நாளை நான் ஒரு திருநாளாகவே வைத்திருக்கிறேன்.

5. தாடை கன்றியிருந்ததை அண்ணன் பார்த்தார். “விழக்கூடாதுன்னுதானே அனுப்பினேன். அவங்களே விழ வைக்கிறாங்களா?” என்று தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் புகார் செய்தார். அது எனக்குத் தெரியாது. தங்கள் ஆணை வந்தபோதுதான் தெரிந்தது. இலேனியா கடற்கரைப் பக்கம் மாற்றப்பட்டார். இப்போது வியாழக்கிழமைகளில் நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தூக்கி இறக்குகிறோம். புதிதாக வரும் ஊழியர் நல்லவர், அவர்மேல் பிழையில்லை. ஆனால், அம்மையீர், விழுந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. இதுவே என் புகார்.

பாக்கிஸியோ சென்ற வாரம் வீட்டில் விழுந்து தோளெலும்பு முறிந்து மருத்துவமனையில் இருக்கிறார். ஆணைதான் காரணம் என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை, சொல்லவும் மாட்டேன். “உக்காந்து உக்காந்து காலு என்னை மறந்துருச்சு” என்று அவர் சொன்னதை மட்டும் தெரிவிக்கிறேன். அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

6. சென்ற ஞாயிறு அண்ணனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஆட்டுப் பட்டிக்குப் போனேன். வாசலருகே கல் தடுக்கி விழுந்தேன். அவர் கத்திக்கொண்டு ஓடிவந்தார். “தொடாதண்ணா. அங்கயே நில்லு” என்றேன். நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். நான் புரண்டு, ஊன்றி, மண்டியிட்டு, பட்டியின் கல்சுவரைப் பிடித்து எழுந்தேன். உருண்டுபோன பாலாடைக்கட்டியை எடுத்துத் துடைத்தேன். அவர், “இதைத்தான் அந்தப் பொண்ணு சொல்லிக் குடுத்துச்சா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் ஆடுகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இந்த மனுவை எழுதச் சொன்னவர் அவரே.

ஆகவே, எங்கள் பாதுகாப்பை எண்ணியே தாங்கள் இந்த ஆணையைப் பிறப்பித்தீர்கள் என்பதை நன்றியுடன் ஏற்றுக்கொண்டு, பின்வருமாறு வேண்டுகிறேன். நின்று செய்யும் பயிற்சியை மீண்டும் அனுமதியுங்கள். இலேனியாவைத் திருப்பி அனுப்புங்கள். சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்த வேண்டுமென்றால் ஊரார் பொருத்தித் தருவோம். பயிற்சியின்போது பக்கத்தில் நிற்க இன்னொரு ஆள் வேண்டுமென்றால், அண்ணன் வியாழக்கிழமைகளில் பட்டியைப் பிறரிடம் விட்டுவிட்டு வரச் சம்மதித்திருக்கிறார். எப்போது பிடிப்பது, எப்போது பிடிக்காமல் இருப்பது என்பதை இலேனியாவிடம் அவரும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தாங்கள் ஒரு வியாழக்கிழமை நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு செய்தாலும் மகிழ்ச்சியே. வாசலில் நின்று தங்களை வரவேற்போம்.

இடம்: ஒர்த்துலே
நாள்: 14 மே 2019

தங்கள் உண்மையுள்ள,
பொனாரியா பிலுது
(பயிற்சியில் விழுந்தவர்)

கொனாரியோ பிலுது
(புகார் செய்தவர், அதைத் திரும்பப் பெறுகிறேன்)