நீ அர்த்தம் சொன்ன அந்த வார்த்தை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது,

இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் மாடிப்படி ஏறாதே என்றால் கேட்பதில்லை. துணி காயப்போட நான் போனால், போடத் தெரியவில்லை என்று பின்னாலேயே வந்துவிடுகிறாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பது வருஷமாகக் குப்பை கொட்டுகிறவனுக்கு வீட்டில் இந்த மரியாதை. போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை கூப்பிட்டேன் அம்மாடி, உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டாயா, அங்கே குளிரா என்று எதையோ பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

போன மாதம் இன்ஸ்ட்ருமென்டல் என்றால் என்ன என்று உன்னிடம் கேட்டேனே, கூட வேலை பார்ப்பவருக்கு ஒரு காகிதம் எழுத என்றேனே, அது பொய். நீ அடுப்பை அணைத்துவிட்டு வந்து பொறுமையாகச் சொன்னாய். ஒரு காரியம் யாரால் நடந்ததோ அவருக்குப் போடுகிற வார்த்தை, சும்மா பக்கத்தில் நின்றவருக்குப் பொருந்தாது, அதற்குப் பின்னால் 'இன்' போட்டு என்ன காரியம் என்று எழுத வேண்டும் என்றாய். எல்லாம் புரிந்தது.

எங்கள் கூடத்தில் எந்தப் படிவம் வந்தாலும் இங்கிலீஷில் நிரப்புவது நான்தான். மற்றவர்கள் வாயால் சொல்வார்கள், நான் எழுதுவேன், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள். என்ன எழுதினீர்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. மடிப்பு மேஜையில் நிற்கிற அக்காவை உனக்குத் தெரியும், போன தடவை நீ வந்தபோது உன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தவள், ஒப்பந்த வேலைக்காரி. வார்டிலிருந்து வரும் அழுக்குப் படுக்கை விரிப்புகளில் ஊசி கிடந்து இரண்டு பேருக்குக் குத்திவிட்டது. அவள்தான் காலி டப்பாக்களின் மூடியில் ஓட்டை போட்டு, வார்டு தள்ளுவண்டிகளில் கம்பியால் கட்டி, விரிப்பை உருவுவதற்கு முன்னால் ஊசியை இதில் போடுங்கள் என்று ஒவ்வொரு நர்ஸிடமும் கெஞ்சினாள். வேண்டாத வேலை எதுக்கு என்று நான் அப்போது சலித்துக்கொண்டேன். ஆறு மாதமாக ஒருவருக்கும் குத்தவில்லை. இதற்கு இன்ஸ்ட்ருமென்டல் யார் என்று கேட்டு மேலிடத்திலிருந்து படிவம் வந்தது. அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிறேன், ஒரு பாராட்டுக் காகிதம்கூட வாங்கியதில்லை என்ற ஆசையில் என்னை எழுதினேன். சாட்சி என்ற இடத்தில் அவளிடமே கையெழுத்து வாங்கினேன். சார் எழுதினா சரியாத்தான் இருக்கும் என்று ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போட்டுக் கொடுத்தாள். எழுதும்போதே வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

நீ எல்லோருக்கும் படம் அனுப்பிப் பெருமைப்பட்ட கேடயம் அந்தப் படிவத்துக்காகக் கொடுத்ததுதான். அம்மா அதைத் தினமும் துடைத்து வைத்தாள். போன வாரம், இந்த மாதத்தோடு நிறுத்தப்படுகிறவர்களின் பட்டியல் வந்தது, அதில் அவளும் இருக்கிறாள். வேலையில் தொடர விடச் சொல்லி மனு எழுதித் தாங்க, அந்த டப்பா விஷயத்தையும் சேர்க்கலாமா சார் என்று என்னிடமே வந்து கேட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. முன்னால் இருந்த குவியல் தீரும்வரை மடித்தாள். பிறகு, "இனிமே எழுதுறத எனக்கு வாசிச்சுக் காட்டிட்டுக் கையெழுத்து வாங்குங்க சார்" என்றாள்.

சூப்பரிண்டெண்டெண்டுக்கு அங்கேயே உட்கார்ந்து உண்மையை எழுதி, வரி வரியாக அர்த்தம் சொல்லிப் படித்துக் காட்டினேன். என் அனுமதியோடு செய்தாள் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். நீங்க வேணாம்னுதானே சொன்னீங்க என்றாள். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை பார். அதை அடித்துவிட்டுக் கேடயத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை முடிவு சொல்வார்களாம், என்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்கிறார்கள், வரட்டும். அவளுக்கு வேலை நிலைத்தால் போதும். அம்மா இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையின் இருமலை அசட்டையாக விடாதே. இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க என் ஆசீர்வாதம். நீ யாருக்கெல்லாம் படம் அனுப்பினாயோ அவர்களிடமெல்லாம் அந்தக் கேடயம் எங்கள் மடிப்பு மேஜை அக்காவுடையது என்று மறக்காமல் சொல்லிவிடு. புதுக் கடிதத்தில் அந்த வார்த்தையை அவளுக்குப் போட்டிருக்கிறேன், சரியா என்று உன்னைக் கேட்கவில்லை. அர்த்தம் தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கக்கூட எனக்கு வழியில்லை அம்மாடி, நீ அவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தாய்.

உன் முகத்தைப் பார்க்கக் கூசும்,
அப்பா