சாந்தம் என்று ஒட்டிய அட்டை

பிப்ரவரி 3
மாதம்மாளின் நீர்வண்ணப் படம் முடிந்தது. தாடையின் நிழலை மூன்று முறை கழுவி எடுத்தேன், தாள் பொறுத்துக்கொண்டது. பேரிகைப் பக்கம் அவளுடைய கேழ்வரகுக் கொல்லை இருந்த இடத்தில் இன்று தொழிற்சாலை. அங்கேயே கூட்டிப் பெருக்குகிறாள். "என் கேணி இருந்த எடத்துல நின்னுக்கிட்டு, பையத் தொறந்து காட்டுன்றான் சார் வாட்ச்மேன்" என்றாள். அந்த நொடியின் முகம் இது. பிடித்துவிட்டேனா? ஓய்வு பெற்றபின் தானாகத் தூரிகை பிடித்தவனுக்கு யார் சொல்வது?

பிப்ரவரி 9
பெங்களூரில் கேலரி நடத்தும் சுசித்ரா வந்தார். நான் வரைந்தவற்றில் ஒன்பது முகங்களைத் தேர்ந்தெடுத்தார். ஓசூரில் ஓட்டல் ஹாலில் கண்காட்சி.
மாதம்மாளிடம் சொன்னேன். "கோவமாத்தான இருக்கறேன்? சிரிக்க வெச்சிரலியே?"
"இல்லம்மா."

பிப்ரவரி 15
படங்களை மாட்டியாயிற்றா என்று பார்க்க ஹாலுக்குப் போனேன். ஒன்பது படம் என்றதும் 'நவரசம்' என்று தலைப்பு வைத்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரு ரசத்தை அச்சடித்து ஒட்டிவிட்டார்கள். மூன்றாம் ஷிப்டில் தூக்கம் கெட்டுக் கண் சிவந்த விமல்ராஜ் ரௌத்திரமாம். மாதம்மாள் — சாந்தம்!
நிலத்தைத்தான் பிடுங்கினார்கள். இப்போது கோபத்தையுமா?
சுசித்ராவிடம் மெல்லக் கேட்டேன். "ரௌத்திரம் ஃபில் ஆயிடுச்சு அங்கிள். சாந்தம்தான் பாக்கி. அவங்க பேசாமதானே இருக்காங்க?"
அதற்கு நான் என்ன சொன்னேன்? "பரவாயில்லம்மா."
தூ.

பிப்ரவரி 16
திறப்பு விழா. மாதம்மாள் வேலைச் சீருடையோடு வந்து, அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.
"சாந்தமா? எனக்கா?" எல்லோரும் திரும்பினார்கள். "நீங்களா சார் போட்டீங்க?"
இல்லை என்று தப்பித்திருக்கலாம். ஆனால் நேற்றே பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டவன்தானே நான்? அட்டையைப் பிய்த்தேன். பாதிதான் வந்தது; மீதியை நகத்தால் சுரண்டினேன்.
"அங்கிள், ப்ளீஸ்! அடுத்த மாசம் பெங்களூர் ஷோ இருக்கு!"
"அங்க என் படம் எதுவும் வேண்டாம்" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. மற்ற எட்டு அட்டைகளையும் எடுத்தேன். இடமிருந்து வலமாக, வரிசையாக.
"அப்பாடா" என்று மாதம்மாள் பெருமூச்சு விட்டாள். "என்னமோ சாதுப் பூனைன்னு நெனச்சேன் சார் உங்கள."

பிப்ரவரி 18
படங்கள் வேனில் திரும்பி வந்தன. பெங்களூருக்கு வேறு யாருடையவோ போகின்றன. நான் செய்தது அதிகப்படியோ? இல்லை. இல்லை.

பிப்ரவரி 23
மாதம்மாள் தன் நாத்தனார் மாதேஸ்வரியை அழைத்து வந்தாள். "இவளயும் வரைங்க சார். இவ நெலமும் போச்சு. என்னவிடக் கோவக்காரி."
மாதேஸ்வரி நாற்காலியை எனக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் புதுத் தாளைப் பலகையில் ஒட்டிக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தேன்.